சுவரில் ஒட்டியிருப்பது யார்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மலைநாட்டு மழைக்காலத்தைப் பற்றி எழுதும்போது, இஸ்தோப்பு பல்பைச் சுற்றும் அந்துப்பூச்சிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் படங்களும் இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. மற்றக் கேள்விகள் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, எங்கள் பாடசாலை ஒபிஸ் சுவரில் வெளிப் பல்புக்குக் கீழே காலையில் ஒரு பெரிய பூச்சி. கையை விரித்து வைத்தால் கை மறைந்துவிடும் போல. செம்மண் நிறம், இறக்கையில் கண்ணாடி வைத்த மாதிரி நாலு முக்கோணம், நுனியைப் பார்த்தால் பாம்புத் தலை. பிள்ளைகளில் பாதிப்பேர் அலறல், மீதிப்பேர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம். இது என்ன? பெட்டியில் போட்டு வகுப்பில் வைக்கலாமா, என்ன சாப்பிடக் கொடுப்பது?
(ஆசிரியை, பசறை)

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். அது அட்டாகஸ் தப்ரோபானிஸ் என்ற அந்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற இனம். இணையத்தில் தேடினால் அட்லஸ் என்று வரும், அது தென்கிழக்காசியப் பக்கத்து நெருங்கிய சொந்தம், பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

சாப்பிட ஒன்றும் கொடுக்க வேண்டாம், கொடுத்தாலும் சாப்பிட அதற்கு வாய் இல்லை. புழுவாக இருந்த காலத்தில் இலையைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டு ஒன்று, ஒன்றரை வாரம் உயிரோடு இருக்கும், அந்த நாட்களுக்குள் சோடி சேர்ந்து முட்டை இட்டு முடிக்க வேண்டும். ஆகவே பெட்டியில் ஒரு இரவு வைத்தால்கூட அதன் ஆயுளில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். பெட்டி வேண்டாம். ஆனால் பிள்ளைகளை அரை மணித்தியாலம் முன்னால் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். படம் எடுப்பதைவிட வரைவது நல்லது என்பது என் கட்சி, ஏனென்றால் வரைகிற பிள்ளை கோடு எங்கே வளைகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். தலையில் இருக்கிற உணர்கொம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அகலமாகப் பறவை இறகு மாதிரி விரிந்திருந்தால் ஆண், ஒடுங்கியிருந்தால் பெண். பெண் ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசம் விடும், ஆண் இருட்டில் அந்த வாசத்தை இந்தக் கொம்பால் பிடித்துக்கொண்டு வெகு தூரம் பறந்து வரும்.

வரைந்து முடிந்ததும் ஒரு குச்சியைக் காலுக்கு முன்னால் வையுங்கள், தானாகவே ஏறிக்கொள்ளும், நிழலான செடிக்குள் விட்டுவிடுங்கள். பல்பு எரிகிற சுவரில் விடியற்காலையில் சாப்பாடு இருக்கும் என்பது மைனாவுக்கும் கரிச்சானுக்கும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: விளக்கைக் கண்டால் ஏன் இப்படிப் போய் விழுகின்றன? நிலவு என்று நினைத்துக்கொண்டு வருகிறதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம்.
(ஹட்டன்)

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன். சூட்டைத் தேடி வருகின்றன என்று இன்னொரு கதையும் உண்டு. 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விடை சொல்கிறது, எனக்கு அது நம்பும்படி இருக்கிறது. அதிவேக கமராவில் பூச்சிகள் விளக்கருகே பறப்பதைப் படம்பிடித்து ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்திருக்கிறார்கள். பறக்கிற பூச்சிக்கு இருட்டில் மேல் எது கீழ் எது என்று தெரிய வேண்டும், இரவில் தரையைவிட வானம் கொஞ்சம் வெளிச்சம், ஆகவே வெளிச்சமான பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தால் நேராகப் பறக்கலாம். காட்டுக்குள் கோடானுகோடி ஆண்டுகள் இது சரியாக வேலை செய்தது. நாம் பல்பைப் போட்டதும் அந்த 'வானம்' பக்கவாட்டில் வந்துவிடுகிறது. அதற்கு முதுகைக் காட்டுவதற்காகச் சாய்கிறது, சாய்ந்தால் வளைகிறது, வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. பல்புக்கு மேலாகப் பறந்தால் தலைகீழாகத் திரும்பித் தரையில் விழுகிறது. ஆகவே ஆசைப்பட்டு வரவில்லை, மாட்டிக்கொண்டு நிற்கிறது. விட்டிலையும் விளக்கையும் வைத்துக் காதல் கவிதை எழுதுகிறவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது.

உங்கள் பக்கத்தில் இதைப் பார்க்க நல்ல இடம் நல்லதண்ணி. மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயா வரை சிவனொளிபாதமலைப் படியெல்லாம் விளக்கு. மலை ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் விளக்குக் கம்பத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். வீட்டில் பார்க்கிறவர்கள், பார்த்து முடிந்ததும் பல்பை அணைத்துவிட்டால் அவை போய் வேலையைப் பார்க்கும்.

கேள்வி: மிஸ், நான் ஒன்பதாம் தரம் படிக்கிறேன். அம்மாவின் போனில் பூச்சி படம் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வருகிறது. ஒருதரம் இங்கிலாந்துப் பூச்சி, ஒருதரம் அமெரிக்கப் பூச்சி. சரியான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?
(மாணவன், தலவாக்கலை)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்தேன் தம்பி. போன் தன்னிடம் இருக்கிற படங்களுக்குள் எது கிட்ட வருகிறது என்றுதான் சொல்லும். ஐரோப்பியப் பூச்சிகளுக்கு இலட்சக்கணக்கில் படம் இருக்கிறது, தலவாக்கலைப் பூச்சிக்கு எத்தனை பேர் படம் போட்டிருக்கிறார்கள்? ஆகவே போன் ஒரு பெயர் சொன்னால் முதலில் நீ கேட்க வேண்டியது, 'இது இலங்கையில் இருக்கிறதா?' இல்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடு, ஆனால் அது சொன்ன குடும்பத்தை, அதாவது சொந்தக்கார இனங்களின் கூட்டத்தை, வைத்துக்கொள், குடும்பம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பூச்சி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார். நிறத்தை இப்போதைக்கு மறந்துவிடு. நாலு இறக்கையையும் விரித்து, காகிதத்தைப் பசை போட்டு ஒட்டின மாதிரி சுவரோடு சுவராகக் கிடக்கிறதா? உடம்பு மெலிவா? அப்படியானால் ஜியோமெட்ரிடே குடும்பமாக இருக்கப் பெரிய வாய்ப்பு. உடம்பை வளைத்து வளைத்து முழம் போட்டுக்கொண்டு போகுமே ஒரு புழு, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். உடம்பு பருத்து, இறக்கையைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து மூடிக்கொண்டு முக்கோணமாக இருந்தால் நொக்டுயிடே, எரெபிடே பக்கம் போ. முன் இறக்கையில் ஒரு சின்ன வட்டமும் அதற்குப் பக்கத்தில் அவரை விதை போல ஒரு புள்ளியும் தெரிந்தால் நொக்டுயிடே என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். ஒடுங்கின நீள இறக்கையைப் பின்னால் இழுத்துவிட்டுச் சண்டை விமானம் போல நின்றால் ஸ்பிங்கிடே, பருந்து அந்துப்பூச்சி என்று சொல்வார்கள். இறக்கை குச்சி குச்சியாக, உடம்போடு சேர்ந்து ஆங்கில டீ எழுத்தைப் போல நிற்கிற சின்னஞ்சிறு பூச்சி ஒன்று கண்ணில் படும், பலர் அதைப் பூச்சி என்றே நினைக்க மாட்டார்கள், அது டெரோபோரிடே. இந்த நாலைந்தைப் பழகிக்கொண்டால் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறவற்றில் பாதிக்கு வீடு தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் கோடு, புள்ளி, நிறம் எல்லாம்.

படம் எடுக்கும்போது நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தியை வைத்தால் அளவு தெரியும். தேதி, இடம், முடிந்தால் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம், செடியில் இருந்தால் என்ன செடி, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வை. உயரம் நம் நாட்டில் முக்கியம். மாத்தளைச் சந்தையில் பார்க்கிற பூச்சி வேறு, 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியா பஸ் நிலையத்தில் பார்க்கிற பூச்சி வேறு. ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி இருக்கிறது, அதில் படத்தைப் போட்டால் இந்தக் குடும்பங்களிலேயே ஊறின ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள், சில சமயம் ஒரு நாளில், சில சமயம் ஒரு வருடம் கழித்து. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்.

இன்னொன்று. பெயர் கிடைத்தால்தான் சந்தோஷம் என்று நினைக்காதே. ஒரு நாள் இரவு முகம் கழுவப் போகிற வழியில் சுவரைப் பார்த்து, போனைத் தொடாமலே 'ஓ, இவன் ஜியோமெட்ரிடே' என்று வாயில் வரும் பார், அந்தச் சந்தோஷத்தைப் பரீட்சை முடிவுகூடத் தராது. (இதை உன் மிஸ்ஸிடம் காட்டாதே.)

கேள்வி: பகலில் எங்கள் வீட்டுப் பூக்களில் ஒரு பூச்சி உட்காராமலே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிறது. தேன்சிட்டு என்கிறார் கணவர், வண்டு என்கிறேன் நான்.
(ஹப்புத்தளை)

பதில்: இருவருக்கும் வெற்றி இல்லை. அதுவும் அந்துப்பூச்சிதான், மேலே சொன்ன ஸ்பிங்கிடே. இறக்கை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் செஃபோனோடிஸ் ஹைலஸ். கூட்டிலிருந்து வரும்போது அதன் இறக்கையிலும் தூள் போன்ற செதில் இருக்கும், முதல் பறப்பிலேயே உதிர்ந்துபோகும். வீட்டுப் பின்னால் கோப்பி மரம் நிற்கிறதா பாருங்கள், அதன் புழு கோப்பி இலை தின்னும். இறக்கை கண்ணாடியாக இல்லாமல் கபிலமாக இருந்தால் மக்ரோகுளோஸம். கோயிலுக்குப் பூப் பறிக்கிற நந்தியாவட்டையையும் அப்படியே ஒருமுறை பாருங்கள். பருத்த பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் வரைந்த மாதிரி இருந்தால் அது டாப்னிஸ் நீரியையின் புழு. அரளியிலும் இருக்கும். இலையைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும், வளர்ந்து வருகிறது பச்சையில் ரோசா நிறம் தீற்றின ஒரு பூச்சி, அதைவிட அழகான பச்சையை நான் பார்த்ததில்லை.

கேள்வி: தங்கச்சி, நான் பூண்டுலோயாவில் பிறந்தவன், இப்போது வயது எழுபதுக்கு மேல். எங்கள் ஊர்ப் பெயர் இலண்டன் மியூசியத்துப் பூச்சிகளில் எழுதியிருக்கிறதாக ஒரு பெடியன் சொல்கிறான். உண்மையா, விளையாட்டுக் கதையா?
(ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்)

பதில்: உண்மை ஐயா. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் எட்வர்ட் எர்னஸ்ட் கிறீன் என்ற துரை பூண்டுலோயாவில் தோட்டம் பார்த்தார். பின்னால் இலங்கையின் அரசாங்கப் பூச்சியியலாளராக வந்தவர். செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள்தான் அவருக்குப் பைத்தியம், ஆனால் இரவில் விளக்குக்கு வந்த அந்துப்பூச்சிகளையும் விடவில்லை, பிடித்து, காயவைத்து, இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே வாங்கிப் பார்த்தவர் ஜோர்ஜ் ஹம்ப்சன். அவரும் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி மியூசியத்தில் உட்கார்ந்தவர்தான். இலங்கை அந்துப்பூச்சிகளுக்கென்றே 1893 இல் ஒரு தொகுதி வெளியிட்டார். அந்தக் காலத்தில் பெயர் வைத்த பல இனங்களுக்கு, முதல் மாதிரி கிடைத்த இடம் என்ற இடத்தில் 'பூண்டுலோயா' என்று அச்சாகியிருக்கிறது. இன்றைக்கும் உலகத்தில் யாராவது அந்த இனம் எது என்று சந்தேகப்பட்டால் உங்கள் ஊரில் பிடித்த அந்தப் பூச்சியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மஸ்கெலியாக்காரர்களும் சந்தோஷப்படலாம். எட்வர்ட் மெய்ரிக் என்று இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நகக்கண் அளவுகூட இல்லாத குட்டி அந்துப்பூச்சிகளில் ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்தவர். அவர் எழுதியவற்றில் மஸ்கெலியா திரும்பத் திரும்ப வருகிறது. இவர்களுக்கெல்லாம் முன்னால், 1880 முதல் 1887 வரை பிரெடெரிக் மூர் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, அதற்கான படங்களைத் தந்தவர்கள் பேராதனைப் பூங்காவோடு தொடர்புள்ள அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள். பூச்சியை மட்டுமல்ல, புழுவையும் அது தின்கிற இலையையும் சேர்த்து வரைந்தார்கள். செத்த பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அது முடியாது, உயிரோடு வளர்த்துப் பார்த்தவர்களால்தான் முடியும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும் ஐயா. மியூசியத்தில் அந்தப் பூச்சிகளோடு குத்தி வைத்திருக்கிற சீட்டுகளில் தோட்டத்தின் பெயர் இருக்கும், துரையின் பெயர் இருக்கும். மழையில் லாந்தர் தூக்கியது யார், எந்த மலையில் எந்தப் பூச்சி வரும் என்று கைகாட்டியது யார் என்று ஒரு வரிகூட இருக்காது. நம் ஆட்கள் அந்த மலைகளில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் அந்தியில் திரும்பினவர்கள், அவர்கள் கண்ணில் படாதது துரை கண்ணில் பட்டிருக்குமா? அந்தத் தலவாக்கலைப் பையனின் கொப்பியில் அவன் பெயரும் இருக்கும் என்பதால்தான் அவனுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன்.

கேள்வி: நீங்கள் இப்படிப் பாராட்டுகிறீர்கள், தேயிலையை அரிக்கிறதும் இதே பூச்சிதானே? மருந்தடித்து ஒழிப்பதை விட்டுவிட்டு ரசிக்கச் சொல்வது என்ன நியாயம்?
(கொட்டகலை)

பதில்: நியாயமான கோபம். கொழுந்து இலை இரண்டைப் பட்டுநூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே இருந்துகொண்டு தின்கிற ஒரு புழு இருக்கிறது, ஹோமோனா கோஃபியாரியா. ஒரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை ஆட்டிவைத்தது. 1935-36 இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற மெல்லிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். (கொழுந்து பறிக்கும்போது கொட்டுகிற குளவி இல்லை, பயப்பட வேண்டாம், இது மனிதரைத் தொடாது.) அது அந்தப் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். சில வருடத்தில் புழு அடங்கிவிட்டது. உலகத்தில் இந்த மாதிரி வெற்றிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் குறிப்பிடாமல் விட மாட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். தேயிலைக் கொப்புக்குள் துளைபோடும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டோடு குளவியும் செத்தது, அடங்கியிருந்த புழு திரும்பக் கிளம்பியது. ஆகவே எதை ஒழிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஒழிப்பது நல்லது, அதற்குப் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரிய வேண்டுமானால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நுவரெலியாவில் கோவா போடுகிறவர்களுக்கு வைரமுதுகுப் பூச்சி பற்றி நான் சொல்லத் தேவையில்லை, 2018 கடைசியில் சோளக்காரர்களை அழவைத்த சேனா படைப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதான். ஆனால் நாட்டிலுள்ள அந்துப்பூச்சிகளில் பயிருக்குக் கேடு செய்கிறவை மிகச் சொற்பம். உங்கள் வீட்டுப் பப்பாசி காய்க்கிறதென்றால் அதில் இருட்டில் வந்துபோகும் ஸ்பிங்கிடேக்கும் பங்குண்டு.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது பச்சைப் புழு ஒன்று கையில் பட்டு நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. இதுவும் அந்துப்பூச்சியா?
(லிந்துலை)

பதில்: ஆமாம் அக்கா. பச்சை உடம்பு, முதுகில் நீலக் கோடு, ஓரமெல்லாம் முள் என்றால் பராசா லெபிடா. முள்ளுக்குள் விஷம் இருக்கிறது. தேய்க்கக் கூடாது. ஒட்டுகிற டேப் இருந்தால் அந்த இடத்தில் ஒட்டி இழுங்கள், முள் வந்துவிடும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. மயிர்க்கொட்டிகளையும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குள் பெரிய கறுப்புப் பூச்சி வந்தால் செத்துப்போன தாத்தா வந்திருக்கிறார் என்று அப்பாயி அடிக்க விடமாட்டார். இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் குருடாகிவிடும் என்றும் சொல்வார். இரண்டும் மூடநம்பிக்கை என்று எழுதுங்கள்.
(பொகவந்தலாவை)

பதில்: தூள் விஷயம் சரியில்லை. அது இறக்கைச் செதில், கண்ணில் பட்டால் உறுத்தும், தண்ணீரில் கழுவினால் போதும். தாத்தா விஷயத்தில் நான் அப்பாயி பக்கம். அந்த ஒரு நம்பிக்கை எத்தனை பூச்சிகளைத் தும்புத்தடியிலிருந்து காப்பாற்றியிருக்கும்! வந்தது இறக்கையில் ஆந்தைக் கண் மாதிரி வட்டம் உள்ள பெரிய கபிலப் பூச்சியானால் எரெபஸ் மக்ரொப்ஸாக இருக்கலாம். பகலில் இருட்டான மூலை தேடி வீட்டுக்குள் வரும். அப்பாயியிடமே காட்டிப் படம் எடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தோடம்பழத்தில் சின்ன ஓட்டை விழுந்து அழுகிப் போகிறது. இரவில் டோர்ச் அடித்தால் பழத்தில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருக்கிறது, தொட்டால் பறக்கிறது!
(மாத்தளை)

பதில்: அந்தக் காய்ந்த இலைதான் ஆள். யூடோசிமா. முன் இறக்கை அசல் இலை, அதைத் தூக்கினால் உள்ளே கறுப்புப் போட்ட செம்மஞ்சள் பின் இறக்கை பளிச்சென்று தெரியும். அதன் உறிஞ்சு குழல் நுனியில் அரம் மாதிரி இருப்பதால் தோலைத் துளைத்துவிடும். பழத்தைத் துணிப்பையால் கட்டி வைப்பதுதான் வழி. புழு பழத்துப் பக்கமே வராது, சீந்தில் மாதிரிக் கொடிகளில் வளரும்.

விளக்குக்கு வராத பூச்சிகள் நிறைய இருக்கின்றன, இதுவும் அப்படித்தான் அதிகமாகப் பழத்தில் பார்க்கக் கிடைக்கும். அவற்றைப் பார்க்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் கித்துள் பாணி ஊற்றி, இரண்டு நாள் புளிக்க விட்டு, பொழுது சாயும் நேரத்தில் மரத்தில் கண் உயரத்துக்குப் பூசுங்கள். இருட்டின பிறகு மங்கலான டோர்ச்சோடு மெதுவாகப் போய்ப் பாருங்கள். எறும்பும் வரும், கரப்பானும் வரும், நடுவில் யாராவது பெரிய மனிதர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: எந்த மாதம், எந்த இரவு நல்லது? போயா லீவில்தான் எனக்கு நேரம் கிடைக்கும். பிடித்து ஊசி குத்திச் சட்டம் போட்டு வைக்கலாமா?
(வங்கி ஊழியர், பதுளை)

பதில்: போயாதான் மிக மோசமான இரவு, முழுநிலாவில் விளக்குக்குப் பூச்சி வருவது குறைந்துவிடும். அமாவாசையை ஒட்டி, காற்றில்லாமல், புழுக்கமாக, சற்றுமுன் மழை பெய்து விட்ட இரவு என்றால் சொல்ல வேண்டியதில்லை. மூடுபனி இறங்கினால் இன்னும் விசேஷம். ஐப்பசி, கார்த்திகை உங்கள் பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நல்லது. 2012 இலிருந்து ஜூலைக் கடைசியில் உலகம் முழுவதும் அந்துப்பூச்சி வாரம் என்று ஒன்று நடக்கிறது. அந்த நேரம் ஹட்டன் பக்கம் மழை கொட்டும், பதுளைப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும், ஆனாலும் சுவரோரமாக ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு முன்னால் வெள்ளை வெளிச்சப் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் யாராவது வருவார்கள். மஞ்சள் பல்புக்குக் குறைவாகத்தான் வரும்.

ஊசி, சட்டம் வேண்டாம். ஆய்வாளர்கள் மாதிரி எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி வாங்கி எடுக்கிறார்கள். 2024 இல் யால காட்டில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தலில் அடைத்த வெளிநாட்டவர் இருவருக்கு 6 கோடி ரூபா அபராதம் போட்டார்கள். உங்களுக்குப் போன் போதும்.

கேள்வி: சாவிக் கொத்தைக் குலுக்கினால் அந்துப்பூச்சி விழுமாமே?
(மாணவி, கண்டி)

பதில்: சில விழும். சாவிகள் உரசும்போது நம் காதுக்குக் கேட்காத கூர்மையான ஓசையும் எழும், அது வௌவால் இரை தேடும் ஓசை மாதிரி. காது உள்ள இனங்கள் அதைக் கேட்டதும் இறக்கையை மடக்கித் தொப்பென்று விழும், அல்லது தாறுமாறாகப் பறக்கும். அட்டாகஸுக்குக் காது கிடையாது, அதனிடம் குலுக்கிப் பிரயோசனமில்லை. ஒன்றிரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடு, பாவம்.

கேள்வி: படம் இணைத்திருக்கிறேன். சாம்பல் நிறம், மெல்லிய அலைக்கோடு, சுண்டுவிரல் நகம் அளவு. எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
(நானுஓயா)

பதில்: ஜியோமெட்ரிடே. அதற்கு மேல் இந்தப் படத்தை வைத்து யாராலும் போக முடியாது, பெயர் சொன்னவர்கள் உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் பல இனங்களை நுணுக்குக்காட்டியில் பிறப்புறுப்பை வெட்டிப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். கொப்பியில் 'ஜியோமெட்ரிடே, நானுஓயா, சாம்பல், அலைக்கோடு' என்று எழுதித் தேதி போடுங்கள், அது முழுமையான பதிவுதான். அடுத்த தடவை வந்தால் கண்ணாடி ஜன்னலில் உட்காரும்வரை பார்த்திருந்து மறுபக்கத்திலிருந்து இறக்கையின் அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். அளவுக்குப் பக்கத்தில் ரூபாய்க் குத்தி வைக்க மறக்க வேண்டாம்.